பிள்ளைகள் நடத்திய நீதிமன்றம்

யானுஷ் கொர்ச்சாக்கின் பெயரை அறிந்தோரிற் பலர் அவரது மரணத்தின் வாயிலாகவே அதனை அறிந்துள்ளனர். 1942 ஓகஸ்ற் முதல் வாரத்தில் வார்சோவின் யூதக் குடியிருப்பிலிருந்து ஏறத்தாழ 200 அநாதைப் பிள்ளைகளுடன் நாசிகள் அவரைத் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பினர். தாம் மட்டும் தப்புவதற்கு வாய்த்த வழிகளை அவர் ஏற்கவில்லை. அம்மரணம் வணக்கத்துக்குரியது. எனினும், ஆசிரியர்களாகிய நாம் கற்கவேண்டிய பாடம் அதற்கு முந்திய 30 ஆண்டுகளில் இருக்கின்றது.

மருத்துவரான கொர்ச்சாக் 1912இல் வார்சோவின் ஏழை யூதச் சிறார் இல்லமொன்றின் பொறுப்பை ஏற்றார். வறுமையையும் வசவையும் கண்டு வந்த பிள்ளைகளிடையே சண்டைக்குக் குறைவிருக்குமா? ‘சண்டை பிடியாதே’ என்ற உபதேசம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் பிரம்பேந்திய நம்மவர் நன்கறிவர். ஆசிரியர் தலையிட்டு அடக்கினாலோ, வலியவன் வாக்கே நீதி என்பதைத்தான் பிள்ளை மீண்டும் கற்றுக்கொள்கின்றது. கொர்ச்சாக் தீர்ப்பளிக்கும் அதிகாரத்தையே பிள்ளைகளிடம் ஒப்படைத்தார்.

முறைப்பாடுடைய பிள்ளை, பலகையொன்றில் தன் பெயரையும் எதிராளியின் பெயரையும் எழுதிவைக்கும். வாரம் ஒருமுறை மன்று கூடும். அவ்வாரம் தம்மீது வழக்கில்லாத பிள்ளைகளிலிருந்து ஐவர் திருவுளச்சீட்டால் நீதிபதிகளாவர். ஆசிரியர் வெறும் செயலாளர், அவருக்கு வாக்கில்லை. மன்று கூடும் நாள்வரை காத்திருப்பதிலேயே பாதிச் சினம் ஆறிவிடும் என்பது என் எண்ணம்.

சட்டக்கோவையோ வியப்புக்குரியது. முதல் 99 பிரிவுகளும் மன்னிப்பதற்கும் விடுவிப்பதற்குமே உரியவை: அறியாமற் செய்தான், தற்செயலாய் நேர்ந்தது, இனிச் செய்யான் என்றவாறு அவை செல்கின்றன. 100ஆம் பிரிவிலேதான் மன்னிப்பின்றிக் குற்றம் உறுதியாகின்றது. அதன் பின்னர் எண்கள் நூறு நூறாகத் தாவுகின்றன. 1000ஆம் பிரிவு இல்லத்தைவிட்டு நீக்குவது. அடிக்கும் பட்டினிக்கும் அங்கு இடமில்லை.

கொர்ச்சாக் அரையாண்டுக்குள் ஐந்துமுறை தம்மைத் தாமே அம்மன்றின்முன் நிறுத்தினார். ஒரு சிறுவனைக் காதில் அறைந்தது ஒரு வழக்கு. ஒரு சிறுமிமீது களவுப் பழி சுமத்தியது மற்றொன்று. தமது செயல்களுக்கு எழுத்தில் விளக்கமளித்து, சிறுவர் தீர்ப்புக்குத் தலைவணங்கினார். பிள்ளைமீது அன்புடையவராதலால் அநீதி செய்யாதிருத்தல் போதாது, அநீதி செய்யவிடாத ஓர் அமைப்பும் வேண்டும் என்பதே அவர் அதிற் கண்ட உண்மை. அன்பு வேந்தனின் தயவு போன்றது. நாளை அது மாறலாம்.

இதனை வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது பொய்யாகும். மன்றைக் கேலிசெய்த பிள்ளைகள் இருந்தனர். தமக்கு ஏற்காத தீர்ப்பை மதியாதோரும் இருந்தனர். ஒரு கட்டத்தில் அவரே மன்றை நிறுத்திவைத்தார். சில வாரங்களின் பின் அது மீண்டும் கூடியபோது விதிகளிற் சில திருத்தங்கள் சேர்ந்திருந்தன. தீர்ப்பில் அதிருப்தியுற்றவர் மறுவிசாரணை கோரலாம் என்பது ஒன்று. வளர்ந்தோரையும் ஊழியரையும் வழக்குக்கு இழுக்கப் பிள்ளைகளுக்கு உரிமையுண்டு என்பது இன்னொன்று.