மலையை விட்டு ஓடியவர்கள்

உதகையிலிருந்து எமரால்டு வழியாகத் தென்மேற்கே சென்றால் அவலாஞ்சி என்னும் இடத்தை அடையலாம். சோலைக்காடும் நீர்த்தேக்கமும் சூழ்ந்த எழிலான இடம். அப்பெயர் தமிழ்ச் சொல்லன்று. பெருஞ்சரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே நம் நாவில் உருமாறி ஊர்ப்பெயராயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலையின் ஒரு பக்கம் பெயர்ந்து விழுந்ததாம். அதைக் கண்டு வியந்த வெள்ளையர் இட்ட பெயர் அது. மண் சரிந்த செய்தியை ஒரு பெயரால் நிலைபெறச் செய்துவிட்டார்கள். ஆனால், இந்த மலைத்தொடர்களில் வேலைக்கு வந்து, துன்பம் பொறுக்கமாட்டாமல் இரவோடிரவாக இறங்கிப்போன மக்களை நினைவூட்டும் பெயருடைய ஊர் ஒன்றையும் நான் அறியேன். அவர்களைப் பற்றியே இன்று மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு நிறுவனத்தின் நிருவாகம் பிடிக்கவில்லை, வேலைச் சூழல் பொறுக்கவில்லை என்றால், அங்கு உழைப்பவர் என்ன செய்வார்? மேலதிகாரியிடம் முறையிடுவார், சங்கத்தில் சேர்வார், வேலைநிறுத்தம் செய்வார், தொழிலாளர் நீதிமன்றத்தை நாடுவார். இவையெல்லாம் அண்மைக் காலத்தில் வந்த வழிகள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நீலமலையின் தோட்டத் தொழிலாளருக்கு இருந்த வழி ஒன்றே. அது அவருடைய கால்கள். மனக்குறையைச் சொல்ல நாவுக்கு உரிமை இல்லாதபோது கால்கள் பேசின எனலாம்.

இம்மலைகளின் தோட்ட வரலாற்றில் இந்த ஓட்டம் மிகவும் பழையது. 1860-இல் கிளமென்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து சின்கோனாவைக் கொண்டுவர முயற்சி எடுத்தார். காய்ச்சலுக்கு மருந்தாகும் கொயினா அதன் பட்டையிலிருந்து கிடைப்பது. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசாங்கத் தோட்டங்கள் எழுந்தன. மெக்கைவர் என்பவர் அவற்றை நடத்தினார். ஆட்கள் போதவில்லை. எனவே மலாய்க் கரையோரக் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டிருந்த சீனக் கைதிகளை நடுவட்டத்தில் வேலைக்கு வைத்தனர். லவ்டேலில் லாரன்சு பள்ளிக் கட்டடம் எழும்பியபோதும் அத்தகைய கைதிகள் உழைத்தனர். அவர்களுள் சிலர் தப்பியோடிய கதையைப் பிரான்சிசு 1908-இல் தொகுத்த நீலகிரி மாவட்ட விவரச்சுவடியில் காணலாம். கைதி தப்பினால் குற்றம், அதில் வியப்பில்லை. ஆனால், கைதியல்லாத ஒருவர், தாமே விரும்பி வேலைக்கு வந்தவர், வேலையை விட்டுப் போனால் அதுவும் குற்றமாகுமா? ஆகும் என்றது அன்றைய சட்டம்.

அச்சட்டத்தை விளக்குமுன் ஆள் சேர்க்கும் முறையைச் சொல்லவேண்டும். தோட்ட முதலாளி மேஸ்திரி ஒருவரிடம் பணம் கொடுப்பார். இலங்கையில் கங்காணி எனப்பட்டவரே இங்கு மேஸ்திரி. அவர் மைசூர்ச் சீமைக்கும் கோயம்புத்தூர், சேலம் பக்கத்துச் சிற்றூர்களுக்கும் செல்வார். மழை பொய்த்த ஊர், கடன் முற்றிய குடும்பம், திருமணச் செலவுக்குத் திண்டாடும் தந்தை ஆகியோரே அவர் தேடுவது. முன்பணம் கைமாறும், குடும்பம் மலையேறும். இருபது ரூபாய் முன்பணம் பெற்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு வாரந்தோறும் கிடைப்பது 'செலவுக்காசு' என்ற சிறு தொகை. அரிசிக்கும் உப்புக்குமே அது காணும். கணக்கு முடிப்பது ஒப்பந்தக் காலத்தின் கடைசியில். அப்போது முன்பணமும், கம்பளி விலையும், அரிசி விலையும், நோயுற்றுக் கிடந்த நாட்களும் கழிக்கப்படும். மிஞ்சுவது சொற்பம், சில வேளை மிஞ்சுவது கடனே. மேஸ்திரிக்கோ தம் ஆட்கள் செய்த வேலைக்கேற்பத் தரகு உண்டு. ஆகவே காய்ச்சலில் கிடப்பவரை எழுப்பி வேலைக்கு அனுப்புவதில் அவருக்கு ஆதாயம் இருந்தது. கூடலூர், வயநாட்டுப் பக்கத்துத் தோட்டங்களில் மலேரியாவும், உயர்ந்த மேட்டில் குளிரும், எங்கும் தென்மேற்குப் பருவமழையும் வாட்டின. கணக்குத் தெரியாதவர்களும்கூட ஒன்றைத் தெரிந்துகொண்டார்கள்: இங்கு இருந்தால் கடன் தீராது. ஓடினார்கள்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1859-ஆம் ஆண்டின் 13-ஆம் சட்டம், வேலையாட்கள் ஒப்பந்த மீறல் சட்டம் எனப் பெயர் பெற்றது. முதலில் கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களின் கைவினைஞரைக் கருதி இயற்றப்பட்ட அது, பின்னர்த் தோட்டங்களுக்கு மிகவும் பயன்பட்டது. முன்பணம் பெற்றவர் வேலையை விட்டுச் சென்றால் முதலாளி நீதிபதியிடம் முறையிடலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, அல்லது வேலைக்குத் திரும்பு என நீதிபதி ஆணையிடுவார். இரண்டில் எதைக் கேட்பது என்பது முதலாளியின் விருப்பம். ஆணைக்குப் பணியாதவருக்கு மூன்று மாதம் வரை கடுங்காவல். முதலாளி கூலியைக் கொடுக்காமல் ஏமாற்றினால்? அதற்குச் சிறை இல்லை. தொழிலாளர் உரிமை வழக்குத் தொடுத்துக்கொள்ளலாம். கம்பளி வாங்க வழியில்லாதவர் வழக்கறிஞரை எங்ஙனம் அமர்த்துவார் என்று சட்டம் செய்தவர்கள் எண்ணியதாகத் தெரியவில்லை. இதுவும் போதாதென்று 1903-இல் சென்னைத் தோட்டக்காரர் தொழிலாளர் சட்டம் என்று தனிச்சட்டம் ஒன்றே வந்தது. நீலகிரியும் வயநாடும் அதன் களங்கள். 1893-இல் அமைந்த தென்னிந்தியத் தோட்டக்காரர் ஐக்கிய சங்கத்துக்கு ஆள் பற்றாக்குறையும் ஆள் ஓட்டமும் நீங்காத தலைவலியாக இருந்தன.

தோட்டக்காரர் பக்கம் ஒரு நியாயமும் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். முன்பணத்தை வாங்கிக்கொண்டு ஓர் ஆளையும் கொண்டுவராமல் மறைந்த மேஸ்திரிகளும் உண்டு. எனினும், ஒரு நிறுவனத்திலிருந்து ஆட்கள் ஓடிக்கொண்டே இருந்தால், அவர்கள் ஏன் ஓடுகிறார்கள் என்று கேட்பதே அறிவுடைமை. அன்றைய அரசு அதைக் கேளாமல் எப்படிப் பிடிப்பது என்றே கேட்டது.

கடலுக்கு அப்பால் இலங்கைத் தோட்டங்களில் இதே நோக்கத்துக்குப் பயன்பட்டது ஒரு காகிதம். அதற்குத் 'துண்டு' என்று பெயர். தொழிலாளரின் கடன் எவ்வளவு, அதைத் தீர்த்தால் அவரை விடுவிப்போம் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். புதிய தோட்டம் அக்கடனைக் கொடுத்து ஆளை ஏற்றுக்கொள்ளும். கடன் மட்டும் ஆளோடு கூடவே நடந்து வரும். துண்டு இல்லாதவருக்கு வேலை கிடைப்பது அரிது. இம்முறை 1921-இல் ஒழிக்கப்பட்டது. இந்தியாவில் 1859-ஆம் ஆண்டுச் சட்டம் 1925-இல் நீக்கத் தீர்மானிக்கப்பட்டு 1926 ஏப்ரல் முதல் நாளோடு மறைந்தது. சென்னைச் சட்டமும் அப்பதிற்றாண்டின் இறுதிக்குள் போயிற்று. 1926-இலேயே தொழிற்சங்கச் சட்டமும் நிறைவேறியது. ஓடுவது குற்றமல்லாமற்போன ஆண்டிலேயே ஒன்றுகூடுவது சட்டப்படியான உரிமையாயிற்று.

ஆயினும் சட்டப் புத்தகத்திலிருந்து தோட்டத்துக்கு வர உரிமைகளுக்கு நெடுங்காலம் பிடித்தது. தோட்டத்துப் பாதைகளும் தோட்டத்தின் உடைமை. சங்கத்தார் வந்தால் அத்துமீறி நுழைந்தவர் எனத் தடுக்கலாம். வரிசை வீடுகளில் ஒருவர் பேசியது பொழுது விடியுமுன் அலுவலகத்துக்கு எட்டிவிடும். ஆனைமலைத் தோட்ட மருத்துவமனையில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் தொழிலாளரிடம் கேட்டறிந்தவற்றைப் பின்னாளில் ஆங்கில நாவலாக எழுதினார். 1969-இல் வெளிவந்த அது, 'எரியும் பனிக்காடு' என்று தமிழிலும் வந்துள்ளது. கல்லூரி மாணவர்கள் அதைப் படிக்கவேண்டும்.

விடுதலைக்குப் பின் வந்த 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் 1954-இல் நடைமுறைக்கு வந்தது. குடிநீர், கழிப்பிடம், மருத்துவம், வீடு ஆகியவை தோட்டத்தின் கடமைகளாயின. ஐம்பது பெண்கள் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருத்தல் வேண்டும் என்றது அச்சட்டம். வயதுவந்தோர்க்கு வாரத்துக்கு 54 மணிக்கு மேல் வேலை கூடாது என்றும் விதித்தது. அவ்வரம்பு பிற்காலத்தில் 48 மணியாகக் குறைந்தது. தேயிலை மரத்தடியில் சேலைத் தொட்டிலில் பிள்ளையைக் கிடத்திவிட்டுக் கொழுந்து பறித்த தாய்க்கு, காப்பகம் பற்றிய அந்த ஒரு விதியே பெரிய செய்தி. என்றாலும் அச்சட்டம் தோட்டங்களுக்கே உரியதாக இருந்தது. அதே காலத்தில் கனடா நாட்டின் உதவியுடன் குந்தா மின்திட்டம் எழுந்து, 1960-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. அவலாஞ்சி, எமரால்டு அணைகள் அத்திட்டத்தைச் சேர்ந்தவை. அங்கே கல் சுமந்தவர்களை இச்சட்டம் தொடவில்லை. ஒப்பந்தத் தொழிலாளருக்கென ஒரு சட்டம் வர 1970 ஆயிற்று.

1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டது. இலங்கைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவர்கள் கேட்டு வந்த பயணம் அன்று அது. அவர்களுக்கு வேலையளிக்கும் பொருட்டு 1968-இல் நீலகிரியில் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1975-இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் உருவாயிற்று. இம்முறை முதலாளி அரசாங்கமே. ஆயினும் வீடு பழுது, கூலி, ஓய்வுக்காலப் பணம் ஆகிய பழைய முறையீடுகள் அங்கும் எழுந்தன.

முறையீட்டுக்காக மலையிறங்கியோரும் உண்டு. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டும், சிறையிலிருந்த தோழரின் விடுதலை கேட்டும் திருநெல்வேலியில் ஊர்வலம் சென்றனர். காவல்துறையின் தடியடியில் ஊர்வலம் சிதறியது. பலர் தாமிரபரணியில் இறங்கினர். 17 பேர் மாண்டனர். அவர்களுள் ஒரு குழந்தையும் உண்டு.

2015 செப்டம்பரில் மூணாற்றில் நடந்தது வேறு வகை. ஊக்கத்தொகை இருபது விழுக்காட்டிலிருந்து பத்தாகக் குறைந்தபோது, பெரும்பாலும் தமிழ்ப் பெண்களாகிய கொழுந்து பறிப்போர் ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்தனர். அவர்கள் நிருவாகத்தை மட்டும் எதிர்க்கவில்லை; தங்கள் பெயரால் பேசிவந்த சங்கத் தலைவர்களையும் அருகில் வரவேண்டாம் என்றனர். அந்நிறுவனத்திலோ தொழிலாளர்களும் பங்குதாரர்களாக இருந்தனர்! ஒன்பது நாட்களில் இருபது விழுக்காட்டுக்கு ஈடான தொகை கிடைத்தது. அன்று 232 ரூபாயாக இருந்த நாட்கூலி அடுத்த மாத உடன்பாட்டில் 301 ஆயிற்று. அவர்கள் கேட்டது 500. ஓடுவதைத் தவிர வேறு வழியறியாதிருந்த மக்களின் பேத்திகள் நடுச்சாலையில் அசையாது உட்கார்ந்திருந்ததை இவ்வரலாற்றின் பெரிய மாற்றமாக நான் கருதுகிறேன்.

அந்த மாற்றத்தோடு கதை முடிந்துவிடவில்லை. நீலகிரித் தோட்டங்களில் பிறந்த இளைஞர் பலர் இப்போது கோவைக்கும் திருப்பூருக்கும் போய்விடுகின்றனர். யாரும் முறையிடுவதில்லை, ஊர்வலம் இல்லை, காலைப் பேருந்தில் ஏறினால் முடிந்தது. தடுக்கச் சட்டமும் இல்லை. ஆள் கிடைக்கவில்லை என்று தோட்டங்கள் வருந்துகின்றன. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் இன்று இம்மலைகளில் கொழுந்து பறிக்கிறார்கள். வரிசை வீடுகளில் இந்தியும் சாந்தாலியும் கேட்கின்றன.