கரும்புச் சக்கையும் கழிவு நீரும்

அந்தமான் தீவுகளில் காடு உண்டு. காகித ஆலை இல்லை. சாத்தம் தீவில் 1883-ஆம் ஆண்டிலேயே மரம் அறுக்கும் ஆலை எழுந்தது. ஆயினும் இங்குள்ள அலுவலகங்களில் நாம் எழுதும் தாள் யாவும் கடல் கடந்தே வருகிறது. காகிதம் செய்ய மரம் மட்டும் போதாது. மிகுந்த நீரும், அந்நீர் அழுக்கானபின் அதைத் தூய்மை செய்யும் வழியும் வேண்டும். பவளப் பாறைகள் சூழ்ந்த சிறு தீவுகளுக்கு இது எளிதன்று. ஆகவே, நம் மேசைக்கு வரும் தாளின் அழுக்கை வேறோர் ஊரே சுமக்கிறது. அத்தகைய ஊர் ஒன்றின் வரலாற்றைக் காண்போம்.

கரூருக்கு அருகே, புகளூரை அடுத்துள்ளது காகிதபுரம். தமிழக அரசு 1979-இல் நிறுவிய செய்தித்தாள் காகித நிறுவனத்தின் ஆலை, 1984-இல் அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. ஆண்டுக்கு 90,000 டன் என்பது அதன் தொடக்கத் திறன். கரும்புச் சக்கையே அதன் முதன்மையான மூலப்பொருள். அந்நாள்வரை சர்க்கரை ஆலைகள் சக்கையைக் கொதிகலன்களில் எரித்து வந்தன. அவற்றிற்கு மாற்று எரிபொருள் அளித்துச் சக்கையைப் பெறும் ஏற்பாடு உருவாயிற்று. காடு பிழைத்தது.

ஆனால் காவிரி நீர்? சக்கையைக் காரத்தில் வேகவைத்தால் நார் பிரியும்; நாரைப் பிணைத்திருந்த லிக்னின் கரைந்து கருந்திரவமாகும். அதைச் சுண்டக் காய்ச்சி எரித்து, வெப்பத்தையும் இரசாயனத்தையும் மீட்கின்றனர். எஞ்சிய கழிவு நீரை அப்படியே ஆற்றில் விட்டால், அதன் அழுக்கைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் ஆற்று நீரின் உயிர்வளியைத் தின்றுவிடும், மீன்கள் மடியும். எனவே, ஆலைக்குள்ளேயே முதலில் தொட்டிகளில் வண்டலைப் படிய விடுகின்றனர். பின்னர்க் காற்றூட்டி, நுண்ணுயிர்களின் வேலையை அங்கேயே முடிக்கின்றனர். சக்கை கழுவிய நீரிலிருந்து எரிவாயுவும் எடுத்து, சுண்ணாம்புச் சூளையில் எரிக்கின்றனர். நீர்மாசு தடுப்புச் சட்டம் நாட்டில் 1974-இலேயே வந்துவிட்டதால், இவ்வாலைக்குப் பிறக்கும்போதே இக்கடமை உண்டு.

சுத்திகரித்த நீர் சுமார் 1,500 ஏக்கர் நிலத்திற்கு ஏற்றுப் பாசனமாகிறது. வறண்ட நிலத்திற்கு இது வரமே. எனினும், நுண்ணுயிர் அழுக்கைத் தின்னுமேயன்றி உப்பைத் தின்னாது. அவ்வுப்பு ஆண்டுதோறும் மண்ணில் தங்கினால் பயிருக்கும் கிணற்றுக்கும் கேடு. மண்ணை அடிக்கடி சோதிப்பதும், உப்பைத் தாங்கும் பயிரைத் தேர்வதும் அங்கே இன்றியமையாதன.

தாளின் ஒரு பக்கம் எழுதி மறுபக்கத்தை வீணாக்கும்போது, எங்கோ ஓர் உழவனின் கிணற்றை நினைத்தல் நன்று.