நீ எந்தக் குடி?

சம்மாந்துறையில் வயசு போன ஒருவருக்கு முன்னால் போய் நின்றால் முதலில் பெயரைக் கேட்க மாட்டார். "நீ ஆர்ர புள்ள?" என்பார். வாப்பாவின் பெயரைச் சொன்னால் அதோடு விடமாட்டார். "உம்மா ஆர்ர மகள்?" என்பார். அதற்கும் பதில் சொன்ன பிறகுதான் மற்றக் கேள்வி வரும்: "அப்ப நீங்க எந்தக் குடி?"

எங்கட வயசுக்காரர் பலர் இந்த இடத்தில் முழிப்போம். உம்மாவுக்குக் கோல் எடுத்துக் கேட்போம். சில உம்மாமார் "உம்மம்மாட்டத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிடுவார்கள். உம்மம்மா மௌத்தாகியிருந்தால் கதை அதோடு முடிந்தது.

கெம்பஸில் சமூகம் என்றால் என்ன என்று வரைவிலக்கணம் பாடமாக்கியிருக்கிறோம். பொதுவான இடம், பொதுவான மொழி, பொதுவான நம்பிக்கை, 'நாம்' என்ற உணர்வு. சோதனைக்கு இது போதும். ஊருக்கு வந்து பார்த்தால்தான் சிக்கல். எங்களுக்கும் பக்கத்துத் தமிழ்க் கிராமங்களுக்கும் இடம் ஒன்று, மொழி ஒன்று, வயலுக்குப் பாயும் தண்ணீரும் ஒன்று. இருந்தும் இரண்டு சமூகம் என்கிறோம். இந்த 'நாம்' எங்கே தொடங்கியது? எப்போதும் இப்படித்தான் இருந்ததா? இதை விளங்கிக்கொள்ள அந்தப் பழைய கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.

குடி உம்மா வழியாக வருவது. உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. வாப்பாவின் குடி வேறு. ஒரே குடிக்குள் கல்யாணம் முடிக்கக் கூடாது என்பது பழைய ஒழுங்கு. அதனால்தான் மாமியின் மகனும் மாமாவின் மகளும் முடிக்கலாம், சாச்சியின் பிள்ளைகள் சகோதரங்கள். பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கு ஒரு மரைக்கார் இருப்பார். கந்தூரிக்கு அரிசியும் காசும் சேர்ப்பதிலிருந்து குடும்பச் சண்டையை விலக்குவது வரை அவர் பொறுப்பு.

குடியோடு சேர்ந்தது வீடு. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுப்பார்கள். மார்க்கச் சட்டப்படி வாரிசுரிமையில் மகளுக்கு மகனின் பங்கில் பாதி. ஆனால் எங்கட பக்கம் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே வீடு மகளுக்குப் போய்விடுவதால் அது பங்குக்கே வராது. சட்டத்தை மீறாமல், பழைய வழக்கத்தையும் விடாமல், நடுவில் ஒரு பாதை கண்டிருக்கிறார்கள். இதால் ஒரு பெண்ணுக்குக் காலூன்ற இடம் கிடைக்கிறது. குடும்பம் பிரிந்தால் வெளியே போவது மாப்பிள்ளைதான். மறுபக்கமும் இருக்கிறது: மூன்று மகள் என்றால் மூன்று வீடு. அதைக் கட்டி முடிக்கக் கட்டாருக்கும் சவூதிக்கும் போன வாப்பாமாரும் காக்காமாரும் எங்கட தெருவிலேயே எத்தனை பேர்! இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. குடி உம்மா வழியில் வந்தாலும் மரைக்காராக இருப்பது ஆம்பிளைதான்.

இந்தக் குடிமுறை முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதல்ல. மட்டக்களப்புத் தமிழர்களிடமும், குறிப்பாக முக்குவரிடம், இதே தாய்வழிக் குடிகள் இருக்கின்றன. படையாண்டகுடி, காலிங்காகுடி என்று பெயர் சொல்லுவார்கள். எங்களுக்குப் பள்ளியில் மரைக்கார் என்றால் அவர்களுக்குக் கோயிலில் வண்ணக்கர். பெண்ணுக்கு வீடு கொடுப்பதும் மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போவதும் அங்கேயும் உண்டு. முக்குவரின் சொத்து வழக்கங்களைத் தொகுத்து பிரிட்டோ என்பவர் 1876இல் 'முக்குவர் சட்டம்' என்று ஆங்கிலத்தில் ஒரு நூலே வெளியிட்டார்.

இது எப்படி இரண்டு பக்கமும் வந்தது? ஊர்க் கதை ஒன்று இருக்கிறது. முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த சண்டையில் முஸ்லிம்கள் முக்குவர் பக்கம் நின்றார்களாம். வென்ற பிறகு முக்குவப் பெண்களை மணந்து இங்கேயே குடியேறினார்களாம். கதையைக் கதையாகவே எடுப்போம். வரலாற்று நூல்கள் சொல்வது இன்னொன்று: 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து விரட்டிய முஸ்லிம்களில் சுமார் 4000 பேரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். வந்தவர்களும் இருந்தவர்களும் கலந்துதான் நாங்கள் உருவானோம் என்பதற்கு எங்கட வீடுகளே சாட்சி.

ஆக, அந்தக் காலத்து 'நாம்' பல அடுக்காக இருந்தது. கல்யாணத்துக்குக் குடி. தொழுகைக்குப் பள்ளி. வேளாண்மைக்குப் போடியாரும் வயல்காரரும். அதில் தமிழரும் முஸ்லிமும் கலந்திருந்தார்கள். ஏற்றத்தாழ்வு இல்லாத சொர்க்கம் என்று நாங்கள் சொல்லவில்லை. போடியார் போடியார்தான், கூலிக்காரர் கூலிக்காரர்தான். ஆனால் 'நீங்கள் என்ன இனம்?' என்ற ஒரே கேள்விக்குள் எல்லாவற்றையும் அடக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வி கொழும்பிலிருந்து வந்தது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே, மதத்தால்தான் முஸ்லிம்கள் என்று ஒரு கட்டுரை வாசித்தார். அப்போது அவர் சட்டசபையில் தமிழ் பேசுவோரின் பிரதிநிதி. முஸ்லிம்களுக்குத் தனியாக ஓர் உறுப்பினர் வேண்டுமா என்ற பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. அடுத்த ஆண்டே எம்.சி. அப்துல் ரஹ்மான் முதல் முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். இராமநாதனுக்கு விரிவான மறுப்பை ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் வெளியிட்டார்: சோனகரின் முன்னோர் அரேபியாவிலிருந்து வந்தவர்கள், ஆகவே நாங்கள் தனி இனம்.

ஆராய்ச்சி மாதிரித் தெரிந்தாலும், ஒரு கதிரைக்கு யார் உரித்துடையவர் என்பதுதான் உள்ளே இருந்த வழக்கு. அஸீஸின் வாதம் வாப்பா வழியில் போகிறது: வந்த ஆம்பிளைகள் யார்? எங்கட ஊர்க் குடிமுறையை வைத்துக் கேட்டால் கேள்வியே மாறிவிடும்: உம்மாமார் யார்? கிழக்கின் கிழவிமார் தினமும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. அதற்கு அந்த விவாதத்தில் பெரிய மதிப்பு கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டைப் பாருங்கள். காயல்பட்டினத்திலும் பெண்ணுக்குத்தான் வீடு, மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போகிறார். மொழியும் ஒன்று, மார்க்கமும் ஒன்று. ஆனால் அங்குள்ள முஸ்லிமிடம் கேட்டால் "நான் தமிழன்" என்று சாதாரணமாகச் சொல்வார். காயிதே மில்லத் இந்திய அரசியல் நிர்ணய சபையில் தமிழுக்காகப் பேசியதைப் பெருமையாகவும் சொல்வார். இங்கே அதே பதிலைச் சொல்ல நாங்கள் தயங்குகிறோம். இரண்டு கரையிலும் அரசும் அரசியலும் கேட்ட கேள்விகள் வேறு, அதனால் பதிலும் வேறாகிவிட்டது.

இங்கேயும் பதில் ஒரே நாளில் இறுகிவிடவில்லை. 1956 தேர்தலில் கல்முனையிலும் பொத்துவிலிலும் தமிழரசுக் கட்சியில் நின்று முஸ்லிம்கள் வென்றார்கள். பிறகு அரசுப் பக்கம் போனார்கள். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் வயலுக்குத் தண்ணீரும் தந்தது, மேற்கே சிங்களக் குடியேற்றங்களையும் கொண்டுவந்தது. 1961இல் மட்டக்களப்பின் தென்பகுதி அம்பாறை மாவட்டமானது. அதுவரை மட்டக்களப்பார் என்றிருந்த நாங்கள் கச்சேரிக்கு அம்பாறை போகத் தொடங்கினோம். யார் எத்தனை வீதம் என்பது பெரிய கணக்கானது. 2012 குடிசன மதிப்பீட்டில் மாவட்டத்தில் முஸ்லிம்கள் சுமார் 43 வீதம். குடிக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

சம்மாந்துறையில் பிறந்த எம்.எச்.எம். அஷ்ரபின் வாழ்க்கையிலேயே இந்த மாற்றத்தைப் பார்க்கலாம். 1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணியோடு கைகோத்த முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணியில் முன்னின்றவர் அவர். 1981இல் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸைத் தொடங்கியவரும் அவர்தான். இடையில் அவர் பேசிய மொழி மாறவில்லை, மார்க்கம் மாறவில்லை. கவிதையும் தமிழில்தான் எழுதினார். 'நாம்' என்று சொல்லும்போது யாரைச் சேர்த்துச் சொன்னார் என்பது மாறியது.

பிறகு 1990. ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அதே மாதம், எங்கட ஊரை ஒட்டிய வீரமுனையில், பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் மேல் குற்றச்சாட்டு இருக்கிறது. ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். துவக்கு வைத்திருப்பவன் குடி கேட்க மாட்டான், மரைக்கார் யார் என்று கேட்க மாட்டான். அவனுக்கு இரண்டே பதில்தான். அந்த ஆண்டோடு எங்களுக்கும் இரண்டே பதிலாகிவிட்டது.

அந்த ஆண்டுக்குப் பிறகு பிறந்தவர்கள் நாங்கள். காத்தான்குடியை எல்லோரும் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். வீரமுனையை யாரும் சொல்லித் தரவில்லை. தேடி வாசித்துத்தான் அறிந்தோம். ஒரு சமூகம் எதை ஞாபகம் வைக்கிறது என்பதைப் போலவே, எதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் விடுகிறது என்பதாலும் உருவாகிறது என்று அப்போதுதான் விளங்கியது.

உள்ளேயும் மாறிக்கொண்டுதான் இருக்கிறோம். கந்தூரி கூடுமா கூடாதா என்று ஒரே வீட்டுக்குள் சண்டை. பள்ளி நிருவாகத்துக்குக் குடியால் வருவதா, வாக்கெடுத்து வருவதா என்று விவாதம். 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்குத் தனி நகரசபை என்று வர்த்தமானி வந்து, சில நாளில் நிறுத்தப்பட்டது. கல்முனையும் சாய்ந்தமருதும் ஒட்டிய ஊர்கள், ஒரே மொழி, ஒரே மார்க்கம். அங்கேயும் 'நாங்கள் வேறு' என்று சொல்ல முடிந்தது. அடுத்த கோடு எங்கே விழும் என்று எங்களுக்குத் தெரியாது.

பழைய குடிமுறையைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அதில் பெருமைக்கும் பிரிவினைக்கும் நிறைய இடம் இருந்தது. ஆனால் அந்தக் கேள்வி மறந்துபோனால், தமிழ் அயலவரும் நாங்களும் ஒரே மாதிரி உம்மாவின் வீட்டில் வளர்ந்தவர்கள் என்பதற்கான ஆதாரமும் சேர்ந்து போய்விடும். பிறகு 'நாங்கள் எப்போதும் தனித்தனிதான்' என்று யார் சொன்னாலும் மறுக்க ஒரு சாமான் கையில் இருக்காது.

இந்த லீவில் ஊருக்குப் போகிறவர்கள் உம்மம்மாவோடு ஒரு பின்னேரம் உட்காருங்கள். எந்தக் குடி, யார் மரைக்கார், 90இல் என்ன நடந்தது என்று கேளுங்கள். சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள். கடைசிக் கேள்விக்கு அவ பேசாமல் இருந்தால் அதையும் எழுதுங்கள்.