செட்டு

ஆங்கிலத்தில் 'செட்' பொல்லாத வினைச்சொல். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் மிக நீளமான பதிவு அதுதான். வினையாக மட்டும் 400க்கும் மேற்பட்ட பொருள்கள்.

தமிழில் அது பெயர்களோடு சுலபமாக ஒட்டிக்கொள்ளும்: பம்புசெட்டு, மைக்செட்டு. வினையாக்க மட்டும் நம் துணைவினை வேண்டும். 'அலாரம் செட் பண்ணு' என்றால் ஆள் செய்வது. 'இந்த ரகம் நம்ம மண்ணுக்கு செட் ஆகாது' என்றால் தானாக அமைவது. ஆங்கிலம் ஒரே சொல்லில் முடிப்பதை நாம் இரண்டாகப் பிரித்துவிட்டோம்.

தஞ்சாவூர்ப் பக்கம் வயல் பேச்சில் வெறும் 'செட்டு' என்றாலே பம்புசெட்டுதான். 1934இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையைக் குறுவைக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அது தள்ளிப்போகும் வருஷங்களில் செட்டு உள்ளவர் குறுவை நடுவார். இல்லாதவர் சம்பாவுக்குக் காத்திருப்பார். அப்போது 'செட்டு இருக்கா?' என்று கேட்டால், இந்த வருஷம் ஒரு போகமா ரெண்டு போகமா என்று பொருள்.