மார்பகப் புற்றுநோயும் ஹார்மோன் ஏற்பிகளும்: நோயாளிகளும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

மார்பகப் புற்றுநோய்க்கான திசுப் பரிசோதனை அறிக்கையில் ஈ.ஆர்., பி.ஆர். என்னும் இரு குறிப்புகளைக் காண்பீர்கள். முன்னது ஈஸ்ட்ரோஜன் ஏற்பியையும், பின்னது புரோஜெஸ்டிரான் ஏற்பியையும் குறிக்கும். உங்களுக்கு ஹார்மோன் மாத்திரை தேவையா என்பதை முடிவு செய்பவை இவையே.

ஏற்பி என்றால் என்ன?

ஏற்பி என்பது உயிரணுவில் உள்ள ஒரு புரதம். இரத்தத்தில் வரும் ஹார்மோன், பூட்டில் சாவி பொருந்துவதுபோல் இதனுடன் இணையும்போது, உயிரணு பெருகத் தூண்டப்படுகிறது. இயல்பான மார்பகத் திசுவிலும் ஏற்பிகள் உண்டு. புற்றுநோய் உயிரணுக்களில் இவை இருந்தால், உடலில் இயற்கையாகச் சுரக்கும் ஹார்மோனே கட்டியை வளர்க்கும். சினைப்பைகளை அகற்றியபின் மார்பகக் கட்டி சுருங்கியதை ஸ்காட்லாந்து மருத்துவர் ஜார்ஜ் பீட்சன் 1896ஆம் ஆண்டிலேயே பதிவு செய்துள்ளார்.

அறிக்கை கூறுவது என்ன?

கட்டியின் உயிரணுக்களில் குறைந்தது 1 விழுக்காட்டில் ஏற்பி காணப்பட்டால் 'பாசிட்டிவ்' எனக் குறிப்பர். இரண்டும் 'நெகட்டிவ்' எனில் ஹார்மோன் மாத்திரை பயன் தராது. கீமோதெரபி முதலிய பிற சிகிச்சைகள் அளிக்கப்படும்.

மாத்திரை எவ்வாறு செயல்படுகிறது?

டமாக்சிஃபென், ஏற்பியில் ஹார்மோன் இணையாதவாறு தடுக்கிறது. மாதவிடாய் முற்றிலும் நின்றவர்களுக்கு அளிக்கப்படும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் ஆகியவை ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே குறைக்கின்றன. பொதுவாக 5 ஆண்டுகளும், சிலருக்கு 10 ஆண்டுகள் வரையிலும் இவற்றை உட்கொள்ள வேண்டும்.

இடையில் நிறுத்தாதீர்கள்

இவ்வகைப் புற்றுநோய் பல ஆண்டுகள் கழித்தும் திரும்பக்கூடும். ஆகவே, நலமாக உணர்ந்தாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முறையில் பணிபுரிவோர், எந்த ஷிப்டிலும் விழித்திருக்கும் ஒரே நேரத்தைத் தேர்ந்துகொள்ளலாம். பராமரிப்போர் அதனை நினைவூட்டலாம்.

திடீரென உடல் சூடாதல், மூட்டுவலி ஆகியவை ஏற்பட்டால் மருத்துவரிடம் கூறுங்கள். மாற்று வழிகள் உண்டு. ஒரு காலில் வீக்கம், மூச்சுத்திணறல், மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சிகிச்சைக் காலத்தில் கருத்தரிப்பதைத் தவிர்க்க வேண்டும். கருத்தடை மாத்திரையைப் பயன்படுத்தாமல், தக்க முறையை மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

எங்கு அணுகலாம்?

படப்பை சுற்றுவட்டார மக்கள், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனையை அணுகலாம். திசுப் பரிசோதனை அறிக்கையையும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருப்பின் அதனையும் தவறாது எடுத்துச் செல்லுங்கள். ஐயங்களுக்கு 104 என்னும் எண்ணை அழைக்கலாம்.