பெயரில்லா நோய் – 6: ஏழிலும் சேராத வைரஸ்

சென்ற வாரம்: 'ஏ'யும் இல்லை, 'பி'யும் இல்லை என்று மட்டுமே டாக்டர்கள் சொல்லிவந்த கல்லீரல் அழற்சிக்குக் காரணமான வைரஸ், 1989-ல் பிடிபட்டது. கலிஃபோர்னியாவின் சிரோன் நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கேல் ஹவுட்டன், க்வி-லிம் சூ, ஜார்ஜ் குவோ ஆகியோரும், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் டேனியல் பிராட்லியும் அதைக் கண்ணால் பார்க்கவே இல்லை. அவர்கள் கையில் சிக்கியது 5-1-1 என்ற ஒரு மரபணுத் துண்டு மட்டும்!

அந்தத் துண்டு வழிகாட்டித்தான், ஹெபடைடிஸ் சி என்று பெயர் பெற்ற அந்த வைரஸுக்கான ரத்தப் பரிசோதனை பிறந்தது. இன்று ராஜபாளையத்தில் ரத்த தானம் செய்தாலும் சரி, ஸ்ரீவில்லிபுத்தூரில் செய்தாலும் சரி, அந்த ரத்தம் இன்னொருவர் உடம்பில் ஏறுவதற்கு முன் ஐந்து நோய்களுக்கான சோதனைகளைத் தாண்டியாக வேண்டும். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா. ஹெபடைடிஸ் சி சோதனை வருவதற்கு முன்பு ஆபரேஷன் மேஜையில் உயிர் பிழைத்த எத்தனையோ பேர், ஏற்றப்பட்ட ரத்தத்தோடு இந்த வைரஸையும் சேர்த்தே வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். இருபது வருடம் கழித்துக் கல்லீரல் சுருங்கிப்போன பிறகுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது.

வைரஸ் பிடிபட்டுவிட்டது, சோதனையும் வந்துவிட்டது. அடுத்தது தடுப்பூசிதானே? எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். ஆனால், இன்றுவரை ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி கிடையாது.

ஏன்?

இந்த வைரஸின் மரபணு சுமார் 9,600 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. இழை. அதைப் படியெடுக்கும் நொதிக்குத் தன் பிழையைத் தானே திருத்தத் தெரியாது. ஒரு நோயாளியின் உடம்பில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி புதிய வைரஸ்கள் உருவாகின்றன. ஓலைச்சுவடியைப் பார்த்து எழுதியவர் விட்ட பிழை, அதைப் பார்த்து எழுதியவரின் ஏட்டிலும் தொடர்ந்து, ஊருக்கு ஊர் பாடபேதம் பெருகியதே, அதே கதைதான் இங்கும். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஒரு வடிவத்தை அடையாளம் கண்டு தாக்குவதற்குள், இன்னொரு வடிவம் தலையெடுத்துவிடுகிறது.

பேதங்களை ஒப்பிட்டால் எந்த ஏடு எந்த வழியில் வந்தது என்று சொல்லிவிடலாம் அல்லவா? 1993-ல் எடின்பரோவில் பீட்டர் சிம்மண்ட்ஸ் குழு அதைத்தான் செய்தது. பல நாட்டு நோயாளிகளிடம் கிடைத்த வைரஸ்களின் எழுத்துகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஆறு பெரும் குடும்பங்கள் தெரிந்தன. இவைதான் டாக்டர்கள் சொல்லும் 'ஜீனோடைப்'. ஒரு குடும்பத்துக்கும் இன்னொன்றுக்கும் நூற்றுக்குச் சுமார் முப்பது எழுத்து மாறுகிறது.

நம் ஊரில் எந்தக் குடும்பம்? வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை ஆய்வாளர்கள், தங்களிடம் வந்த நோயாளிகளின் வைரஸை ஆண்டுக்கணக்கில் வகை பிரித்தார்கள். அதிகம் இருந்தது மூன்றாம் வகை. அடுத்தது முதல் வகை. கொஞ்சம் பேரிடம் நான்கும், தென்கிழக்கு ஆசியாவில் பரவலாக உள்ள ஆறும் இருந்தன.

இதை வெறும் பட்டியல் என்று நினைத்துவிடக் கூடாது. இந்த நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்ட காலத்தில், மூன்றாம் வகைக்கு 24 வாரம், முதல் வகைக்கு 48 வாரம் சிகிச்சை. காய்ச்சல், உடல்வலி, மனச்சோர்வு என்று ஆளையே உருக்கிவிடும் மருந்து அது. வகை தெரியாமல் ஊசி போடுவது, நோயாளியை வீணாக வதைப்பதில் முடியலாம். 2011-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெலாப்ரெவிர், போசெப்ரெவிர் மாத்திரைகளோ முதல் வகைக்கு மட்டும்! அந்த வகை அதிகம் உள்ள நாடுகளைக் கணக்கில் வைத்துச் செய்த மருந்து, நம்மவர்களில் பெரும்பாலோருக்கு உதவவில்லை. நம் மண்ணின் வைரஸை நாமே படித்தாக வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

பிறகு ஏழாம் வகை ஒன்று மத்திய ஆப்பிரிக்காவில் வேர் கொண்டவர்களிடம் தெரியவந்தது. 2016-ல், எந்த வகையானாலும் கேட்கும் என்று சொல்லப்பட்ட சோஃபோஸ்புவிர்–வெல்பட்டாஸ்விர் கூட்டு மாத்திரையும் வந்தது. இனி வகை பார்க்கும் வேலையே இல்லை என்று மருத்துவ உலகம் பெருமூச்சு விட்டது.

அந்த நிம்மதியைக் குலைத்தவர்கள், கனடாவில் சிகிச்சைக்கு வந்த நான்கு பேர். அவர்களுடைய வைரஸின் மரபணுவை ஆய்வாளர்கள் முழுதாகப் படித்து, ஏழு குடும்பங்களோடும் ஒப்பிட்டார்கள். ஒன்றோடும் சேரவில்லை. நால்வருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று: பூர்வீகம் நம் இந்தியாவின் பஞ்சாப்!

2018-ல் உலகம் அதற்கு எட்டாம் வகை என்று எண் கொடுத்தது. மருந்து உருவானபோது யாருக்குமே தெரியாதிருந்த வகை அது. அதுவரை தெரிந்த வகைகளை மனத்தில் வைத்துச் செய்த மருந்துகள், எட்டாவதின் முன் நிற்குமா? அந்த நால்வரின் கதி என்ன?

(அடுத்த வாரம்...)