ஒரு சிறுநீர்ச் சீட்டுக்கு உரை

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ எந்த லேபில் கொடுத்தாலும் சிறுநீர்ச் சீட்டு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும். பலரும் சர்க்கரை வரியைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். மற்ற வரிகளுக்கே இந்த உரை.

‘ஆல்புமின்: 3+’

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் குளோமெருலஸ்கள் உண்டு. இரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய்க் கொத்துகள் அவை. அவை பழுதானால் ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் ஒழுகும். காலையில் முகம் அதைத்திருக்கும். சாயங்காலம் காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழும். சிறுநீர் நுரைத்து நிற்கும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 3.5 கிராமுக்கு மேல் புரதம் போய், இரத்தத்தில் ஆல்புமின் குறைந்து, உடம்பு வீங்கினால் அது நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஸ்டீராய்டில் அடங்கிவிடும். பெரியவர்களுக்குக் காரணத்தைத் தேடியே ஆகவேண்டும்.

அந்தக் காரணம் முகத்தில் பூசிய கிரீமாகவும் இருக்கலாம். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2021 முதல் 2023 வரை மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி என்ற குளோமெருலஸ் நோய் கண்ட 22 பேரில் 15 பேருக்கு நெல்-1 என்ற வகை இருந்தது. அவர்களில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். பழி கிரீமில் இருந்த பாதரசத்தின் மேல் விழுந்தது. கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள். பாதரசம் சேர்ந்த நாட்டு மருந்துகளாலும் இதே நோய் வந்திருக்கிறது. மருத்துவர் கேட்காவிட்டாலும், பூசியதையும் சாப்பிட்டதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

‘சிவப்பணு: ஏராளம். ஆர்.பி.சி. காஸ்ட்: உண்டு’

ஆர்.பி.சி. காஸ்ட் என்பது சிறுநீரகத்தின் நுண்குழாய்க்குள் சிவப்பணுக்கள் சேர்ந்து உறைந்த அச்சு. கல் இருந்தாலும் இரத்தம் வரும், காஸ்ட் வராது. காஸ்ட் தெரிந்தால் கசிவு குளோமெருலஸிலிருந்துதான். கடுங்காப்பி நிறத்தில் சிறுநீர், அளவு குறைவு, ஏறிய பிரஷர்: இது நெஃப்ரிட்டிக் சிண்ட்ரோம். இங்கே நாள்கணக்கு முக்கியம். தொண்டைவலி வந்த ஓரிரு நாளிலேயே சிறுநீர் சிவந்தால் ஐஜிஏ நெஃப்ரோபதி என்ற குளோமெருலஸ் நோயை நினைக்கவேண்டும். தொண்டைவலிக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்தோ, சீழ்ச்சிரங்குக்கு மூன்று முதல் ஆறு வாரம் கழித்தோ வந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் பின்விளைவு. பிள்ளையின் சிரங்கை அலட்சியப்படுத்தக் கூடாது என்பது இதனால்தான்.

‘கிரியேட்டினின்: 1.0’

இது இரத்தச் சீட்டின் வரி; சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய ஒரு கழிவின் அளவு. இதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். சிறுநீரகத்தின் பாதித் திறன் போகும்வரைகூட இந்த எண் பெரிதாக அசையாமல் இருக்கலாம். வாரத்துக்கு வாரம் ஏறினாலோ அது அவசரம்; அன்றே கிளம்பவேண்டும்.

‘ஆலோசனை: பயாப்ஸி’

பயாப்ஸி என்றதும் புற்றுநோய் என்று பதறுகிறவர்கள் அதிகம். இங்கே சிறுநீரகத்திலிருந்து ஊசியால் துளித் திசு எடுப்பது, எந்த வகை நோய், எந்த மருந்து என்று முடிவுசெய்யத்தான். மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் சிறுநீரகப் பிரிவு இருக்கிறது. வலி இல்லையே என்று தள்ளிப்போடாமல், பழைய சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.